ஃப்ரீ கார்டா? இதையெல்லாம் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

மதுரையில் மாலுக்குப் போனாலும் சரி, பெட்ரோல் பங்கில் நின்றாலும் சரி, "சார், லைஃப் டைம் ஃப்ரீ கிரெடிட் கார்டு, ஆதாரும் பானும் இருந்தா போதும்" என்று ஒரு தம்பி வந்து நிற்பார். ஃப்ரீ என்றதும் நாம் வேறு எதையும் கேட்பதில்லை, முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. முதல் வருடம் மட்டும் இலவசம், அப்புறம் வருடத்துக்கு இவ்வளவு செலவு செய்தால்தான் கட்டணம் தள்ளுபடி என்பதும் அவர் வாயில் ஃப்ரீதான். விண்ணப்பத்தோடு ஒரு பக்க விவரத்தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை வாங்கி, சேரும் கட்டணம், ஆண்டுக் கட்டணம் இரண்டுக்கும் நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பெரிய தவறு அடுத்தது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் கேஷ்பேக், அதாவது செலவில் நமக்குத் திரும்ப வரும் பணத்தின் சதவீதத்தைப் பார்க்கிறோம், நம் வீட்டுச் செலவு எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. ஆண்டுக் கட்டணமே இல்லாத அமேசான் பே ஐசிஐசிஐ கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமேசானில் பிரைம் உறுப்பினருக்கு 5 சதவீதம், மற்றவர்களுக்கு 3, வெளிக்கடைகளில் பெரும்பாலும் 1. ஆன்லைனில் நிறைய வாங்குகிறவருக்கு நல்ல கார்டுதான். ஆனால் மளிகை கீழமாசி வீதியில், துணி விளக்குத்தூண் பக்கம், நகை தெற்கு ஆவணி மூல வீதியில் என்று போகும் குடும்பத்துக்கு அந்த 5 கண்ணிலேயே படாது. இதில் பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, தங்கம் இதற்கெல்லாம் பல கார்டுகளில் கேஷ்பேக்கோ, அதற்குப் பதிலாகத் தரும் ரிவார்டு பாயின்டோ கிடையாது. அதற்கும் மேலே, கார்டை நீட்டியதும் "ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆகும்ணே" என்பார் கடைக்காரர். 1 சதவீதம் வாங்க 2 சதவீதம் கொடுப்பது என்ன கணக்கு?

நம் ஊர்க் கடைகளுக்கு, நம் நாட்டுக் கார்டு நெட்வொர்க்கான ரூபேயின் கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து க்யூஆர் ஸ்கேன் செய்வது ஓரளவு தோதானது. ஆனால் வியாபாரிக்கான க்யூஆராக இருந்தால்தான் பணம் போகும். தள்ளுவண்டி அண்ணன் தன் சொந்தப் பெயரில் வைத்திருக்கும் க்யூஆரில் போகாது. அந்த யுபிஐ செலவுக்கும் ரிவார்டு உண்டா என்று தனியாகக் கேளுங்கள், சில கார்டுகளில் குறைத்திருப்பார்கள்.

பாயின்ட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவது இன்னொன்று. 100 ரூபாய்க்கு 1 பாயின்ட், ஒரு பாயின்ட் 25 காசு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,000 ரூபாய்க்குப் பாயின்ட் விழுந்தால் 120 பாயின்ட், அதாவது 30 ரூபாய். வருடத்துக்கு 360. அந்தப் பாயின்டைப் பணமாக மாற்றிக்கொள்ள 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்றால் 117 போய்விடும், மிச்சம் 243. இதுவும் முழு நூறுக்கு மட்டும்தான் என்று இருந்தால், 95 ரூபாய் பில்லுக்கு ஒன்றுமில்லை, 180 ரூபாய் பில்லுக்கு ஒரே பாயின்ட். பாயின்டுக்குக் காலாவதி உண்டா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் பில் கட்டும் கடைசித் தேதி தவறினால் இந்த 243 எல்லாம் தாமதக் கட்டணத்திலேயே காலி. வட்டி பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேல், வருடத்துக்கு 42ஐத் தாண்டும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பில்லில் குறைந்தபட்சமாகக் கட்டச் சொல்லும் மினிமம் டியூவை மட்டும் கட்டினால் அபராதம்தான் வராது, வட்டி ஓடும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அன்றே வட்டி தொடங்கிவிடும், எடுப்பதற்கும் தனிக் கட்டணம். இந்த விவரங்களை விட்டுவிட்டு விமான நிலைய லவுஞ்சுக்கு (ஓய்வறைக்கு) இலவசமாக எத்தனை தடவை போகலாம் என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், வருடத்துக்கு ஒரு தடவைகூட விமான நிலையம் பக்கம் போயிருக்க மாட்டார்கள்.

இலவசம்தானே, கிடக்கட்டும் என்று நான்கைந்து கார்டுக்கு ஒரே மூச்சில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாகும், அடுத்து வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது வங்கி மேலாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

பிடிக்காவிட்டால் மூடுவதற்குத் தயங்க வேண்டாம். பாக்கி எதுவும் இல்லாமல் மூடச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். 2022 ஜூலையிலிருந்து இந்த விதி இருக்கிறது. போனில் சொல்லிவிட்டு விட்டுவிடாமல் மின்னஞ்சலிலும் எழுதுங்கள், நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.