ஜெர்மனியில் ஒரு கோடைக்காலப் படிப்பு: இதழியலும் ஜெர்மன் மொழியும் பயிலும் மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

இதழியல் மாணவர்கள் சிலருக்கு நான் ஜெர்மன் மொழி கற்பித்து வருகிறேன். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் யாராவது ஒருவர் வந்து, இந்தக் கோடையில் ஜெர்மனிக்குச் சென்று ஒரு மாதம் படித்துவிட்டு வர முடியுமா என்று கேட்பார். அதற்குள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் கடந்து மூன்று மாதங்கள் ஆகியிருக்கும். தகுதியுள்ள மாணவர்கள் தேதி தெரியாத ஒரே காரணத்தால் வாய்ப்பை இழப்பதைப் பார்த்துப் பார்த்து வருந்தியதால்தான் இந்த விளக்கத்தை எழுதுகிறேன். எல்லா நகரங்களையும் பற்றிப் பொதுவாகப் பேசாமல், எனக்குப் பழக்கமான லைப்சிக் நகரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். படிகள் மற்ற நகரங்களுக்கும் ஏறக்குறைய இவையேதான்.

முதல் படி: இரண்டு நாட்காட்டிகளை அருகருகே வைத்துப் பாருங்கள்

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவம் ஏப்ரல் 1 அன்று தொடங்கி செப்டம்பர் 30 வரை நீடிக்கிறது என்றாலும், வகுப்புகள் ஜூலை நடுவிலேயே முடிந்துவிடும். அதன் பிறகு காலியாகும் வகுப்பறைகளிலும் விடுதி அறைகளிலும்தான் பெரும்பாலான கோடைப் படிப்புகள் நடக்கின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கோ ஏப்ரல், மே மாதங்களில்தான் விடுமுறை. ஜூலை, ஆகஸ்டில் அடுத்த பருவம் நடந்துகொண்டிருக்கும். எனவே நீங்கள் செல்லப்போகும் நான்கு வாரங்கள் உங்கள் வருகைப்பதிவிலிருந்துதான் கழியும். 75 சதவீத வருகை கட்டாயம் என்னும் கல்லூரியில் படிப்பவர், துறைத்தலைவரிடம் முன்கூட்டியே பேசி, அந்த நாட்களைக் கல்விப் பயணமாகக் கணக்கில் கொள்வதற்கு எழுத்து வடிவில் அனுமதி பெற வேண்டும். அந்தக் கடிதம் பின்னர் விசா விண்ணப்பத்துக்கும் உதவும், ஏனெனில் நீங்கள் திரும்பி வந்து படிப்பைத் தொடரப்போகிறீர்கள் என்பதற்கு அதுவே நல்ல சான்று.

ஆகவே அடுத்த ஆண்டு ஆகஸ்டில் செல்ல விரும்புபவர் இந்த ஆண்டு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: மொழியில் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

ஐரோப்பிய அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகள் உள்ளன. ஏ1 முடித்தவர்களையும் சேர்த்துக்கொள்ளும் கோடைப் படிப்புகள் உண்டு. ஆனால் செய்தி சேகரிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு செல்பவர் பி1 முடித்துவிட்டுச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏ2 நிலையில் இருப்பவரால் கேள்வியைக் கேட்டுவிட முடியும், எதிரில் இருப்பவர் சரளமாகச் சொல்லும் பதிலைப் பின்தொடர்வதுதான் கடினம்.

சென்னையில் மாக்ஸ்முல்லர் பவன் என்று பலரும் அழைக்கும் கோத்தே நிறுவனம் நடத்தும் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். தேர்ச்சிக்கு 60 தேவை. நான்கையும் தனித்தனியாகவும் எழுதலாம் என்பதால், ஒரு பகுதியில் தவறினால் அதை மட்டும் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். நம் மாணவர்கள் இலக்கணத்தில் தேறிவிட்டுக் கேட்டலில் தடுமாறுவதை அடிக்கடி காண்கிறேன். அதற்கு டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பு நிறுவனம் மெதுவாக வாசித்து வெளியிடும் செய்தியறிக்கையைப் போன்ற மருந்து வேறில்லை. அதன் எழுத்து வடிவமும் உடன் கிடைக்கிறது, கட்டணமும் இல்லை.

மூன்றாம் படி: படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

இதழியலையும் ஜெர்மன் மொழியையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் கோடைப் படிப்புகள் குறைவு. பெரும்பாலானவை காலையில் மொழி வகுப்பும் மாலையில் நகரச் சுற்றுலாவும் கொண்டவை. அதனால் சோர்ந்துவிட வேண்டாம். நல்ல மொழி வகுப்பு ஒன்றில் சேர்ந்து, மாலை நேரங்களை உங்கள் சொந்தச் செய்திக்கட்டுரைக்கு ஒதுக்கிக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் முறை. வகுப்பில் கற்றதை அன்று மாலையே ஒரு மனிதரிடம் பேசிப் பயன்படுத்தும்போது மொழியும் தொழிலும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

லைப்சிக்கை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. திமோத்தேயுஸ் ரிட்ஷ் என்னும் அச்சகத்தார், வாரத்துக்கு ஆறு நாட்கள் வெளிவந்த நாளிதழை 1650-இல் தொடங்கியது இந்த நகரில்தான். உலகின் முதல் நாளிதழ் என்று அது கருதப்படுகிறது. ஜெர்மனியில் இதழியலுக்கென முதல் பல்கலைக்கழக ஆய்வு நிறுவனத்தைக் கார்ல் பூஷர் 1916-இல் நிறுவியதும் இங்கேதான். வெளிநாட்டு மாணவர்களுக்கு ஜெர்மன் கற்பிப்பதில் நீண்ட மரபுள்ள ஹெர்டர் நிறுவனம் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அதனுடன் இணைந்த இண்டர்டாஃப் என்னும் அமைப்பு கோடைப் படிப்புகளை நடத்துகிறது.

எந்தப் படிப்பைத் தேர்ந்தாலும் மூன்று விவரங்களைக் கேட்டறியுங்கள்: வாரத்துக்கு எத்தனை பாடவேளைகள் (ஒரு பாடவேளை 45 நிமிடம்), முடிவில் தரும் சான்றிதழில் ஐரோப்பியக் கல்விப் புள்ளிகள் குறிக்கப்படுமா, தங்குமிடம் கட்டணத்தில் அடங்குமா.

நான்காம் படி: உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள்

ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டி.ஏ.ஏ.டி., பல்கலைக்கழகக் கோடைப் படிப்புகளுக்கென்றே தனி உதவித்தொகை வழங்குகிறது. விண்ணப்பத்தின் கடைசி நாள் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் டிசம்பர் தொடக்கத்தில் அமையும். அந்த ஆண்டுக்குரிய தேதியையும் தகுதி விதிகளையும் அவர்களது இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நோக்கக் கடிதம்தான் இதில் உங்கள் கையில் முழுமையாக இருக்கும் ஒரே பொருள். ஒரு மாணவி எழுதி எடுத்துவந்த முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “சிறுவயது முதலே ஜெர்மன் பண்பாட்டின் மீது எனக்கு அளவற்ற ஆர்வம்.” அதை அடித்துவிட்டு, தான் உண்மையில் என்ன செய்யப்போகிறாள் என்பதை எழுதச் சொன்னேன். திருத்திய வரைவின் முதல் வரி இது: “சென்னையில் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், லைப்சிக்கில் வெற்றுப் புட்டிகளைச் சேகரித்து அவற்றின் வைப்புத்தொகையில் வாழ்பவர்களைச் சந்தித்து நான்காவது கட்டுரையை ஜெர்மன் மொழியில் எழுத விரும்புகிறேன்.” ஜெர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படும் பானப் புட்டிகளுக்கு, வெற்றுப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு என்பதை அவள் பாடநூலில் படித்திருந்தாள். பாடநூலின் ஒரு வரியிலிருந்து செய்தியைக் கண்டுபிடிக்கும் அந்தக் கண்ணைத்தான் தேர்வாளருக்குக் காட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: விசா

படிப்பு 90 நாட்களுக்கு உட்பட்டது என்றால் ஷெங்கன் குறுகிய கால விசா போதும். பயணத் தேதிக்கு ஆறு மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். கோடைக்காலத்தில் விண்ணப்பத்தை நேரில் கொடுக்க நேரம் கிடைப்பதே அரிது என்பதால் சேர்க்கைக் கடிதம் வந்த வாரத்திலேயே முன்பதிவு செய்யுங்கள். கடவுச்சீட்டு, நீங்கள் திரும்பும் நாளுக்குப் பின்னும் குறைந்தது மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. சேர்க்கைக் கடிதம், தங்குமிடச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் அல்லது உதவித்தொகைக் கடிதம், கல்லூரியின் அனுமதிக் கடிதம் ஆகியவற்றில் உள்ள தேதிகள் அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று வேறொருவரைக் கொண்டும் சரிபார்க்கச் செய்யுங்கள்.

ஆறாம் படி: புறப்படும் முன் செய்தி மொழியைப் பழகுங்கள்

நான் மிகுந்த நேரம் செலவிடும் படி இது. மேயர் ஒருவர் பாலம் பாதுகாப்பாக உள்ளது என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். “டி ப்ரூக்க இஸ்ட் ஸிஷர்” என்று எழுதினால், பாலம் பாதுகாப்பானது என்று செய்தியாளரே சான்றளிப்பதாகப் பொருள்படும். “டி ப்ரூக்க ஸை ஸிஷர்” என்று எழுதினால், அது மேயரின் கூற்று, செய்தித்தாள் அதற்குப் பொறுப்பேற்கவில்லை என்பது ‘ஸை’ என்ற ஒரே வினைவடிவிலேயே தெரிந்துவிடும். இதற்குக் கொன்யுங்க்டிஃப் ஒன்று என்று பெயர். பேச்சில் அரிதாகவே வரும் இந்த வடிவம், ஜெர்மன் நாளிதழ்களில் ஏறக்குறைய ஒவ்வொரு செய்தியிலும் வருகிறது.

தமிழருக்கு இது அந்நியமான கருத்தன்று. ‘பாலம் பாதுகாப்பாக இருக்கிறதாம்’ என்று நாம் சொல்லும்போது அந்த ‘ஆம்’ செய்வதும் இதே வேலைதான். ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். நம்முடைய ‘ஆம்’ கேள்விப்பட்டதை மட்டும் குறிக்காமல், சில இடங்களில் மெல்லிய ஐயத்தையும் ஏற்றிவிடுகிறது. அதனால்தான் தமிழ் நாளிதழ்கள் அதைத் தவிர்த்து ‘என்றார்’, ‘என்று தெரிவித்தார்’ என எழுதுகின்றன. ஜெர்மன் வடிவில் அந்த ஐயம் இல்லை. விலகல் மட்டுமே உண்டு. ஒரு பத்தி முழுவதும் ‘அவர் சொன்னார்’ என்று திரும்பத் திரும்ப எழுதாமலேயே, எந்த வாக்கியம் யாருடையது என்பதை வாசகர் அறிந்துகொண்டே போகிறார். நாள்தோறும் ஒரு ஜெர்மன் செய்தியை எடுத்து, ‘ஸை’, ‘ஹாபெ’, ‘வெர்டெ’ என்று வரும் இடங்களை அடிக்கோடிட்டு, அது யாருடைய கூற்று என்று ஓரத்தில் எழுதிவாருங்கள். முப்பது நாட்களில் உங்கள் வாசிப்பே மாறிவிடும்.

நேரம் சொல்லும் முறையையும் இப்போதே பழகுங்கள். ‘ஹால்ப் திரை’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘பாதி மூன்று’. அது இரண்டரை மணியைக் குறிக்கும். மூன்றரை என்று எண்ணிச் செல்பவர் ஒரு மணி நேரம் தாமதமாகிவிடுவார், நேர்காணலும் கைநழுவிப் போகும்.

ஏழாம் படி: நான்கு வாரங்களைப் பயன்படுத்தும் முறை

முதல் வாரத்தில் எதையும் எழுத வேண்டாம், நகரைக் கேளுங்கள். நிக்கோலாய் தேவாலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைகளில் அமைதிக்கான வழிபாடு நடந்துவருகிறது. இன்றும் மாலை 5 மணிக்குச் சென்று அமரலாம். 1989 அக்டோபர் 9 அன்று அந்த வழிபாட்டைத் தொடர்ந்து சுமார் 70,000 பேர், அப்போது அங்கிருந்த கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிச ஆட்சியை எதிர்த்து, நகரச் சுற்றுச்சாலையில் ஊர்வலமாக நடந்தார்கள். கிழக்கு ஜெர்மன் அரசு வெளிநாட்டுச் செய்தியாளர்களை நகருக்குள் விடாத அந்த இரவில், அராம் ராடோம்ஸ்கி, ஸீக்பெர்ட் ஷெஃப்கெ என்ற இருவர் சீர்திருத்தத் தேவாலயத்தின் கோபுரத்தில் ஒளிந்திருந்து ஊர்வலத்தைப் படம்பிடித்தனர். அந்த நாடா இரகசியமாக மேற்கு பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மறுநாள் மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அந்தக் கோபுரம் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, சற்று நடந்து, இரகசியக் காவல்துறையின் அலுவலகமாக இருந்து இன்று அருங்காட்சியகமாகிவிட்ட ‘ருண்டெ எக்கெ’ கட்டடத்துக்குள் செல்லுங்கள். செய்தி என்பது எவ்வளவு விலை கொடுத்துப் பெறப்படுவது என்பதை எந்த வகுப்பறையையும் விட அந்தச் சிறிய தூரம் நன்றாகக் கற்பிக்கும்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நேர்காணல்கள். இங்கே சட்டம் குறித்து எச்சரிக்கை தேவை. ஒருவரது பேச்சை அவருக்குத் தெரியாமல் பதிவுசெய்வது ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. ஒருவரது படத்தை வெளியிட, சில விலக்குகள் தவிர, அவரது ஒப்புதல் வேண்டும். 1898-இல் பிஸ்மார்க் இறந்தபோது இரு ஒளிப்படக்காரர்கள் இரவில் அறைக்குள் நுழைந்து அவரது உடலைப் படமெடுத்தனர். அதனால் எழுந்த கொந்தளிப்பே, படத்தில் இருப்பவருக்கு உரிமை தரும் 1907-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலியது. நம் ஊர்ச் சாலைகளில் கைப்பேசியை உயர்த்திப் படமெடுக்கும் பழக்கத்தை அங்கே விட்டுவிடத்தான் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் முழுப்பெயரை வெளியிடாமல் ‘தாமஸ் கே.’ என்பது போல் எழுதும் வழக்கத்தையும் கவனியுங்கள்.

கேள்வி பதில் வடிவில் வரும் நேர்காணலை அச்சிடும் முன் பேட்டி கொடுத்தவருக்கு அனுப்பி ஒப்புதல் பெறுவது அங்கே பரவலான நடைமுறை. நம் மாணவர்களுக்கு இது முதலில் கசக்கும். எனக்கும் இதில் முழு உடன்பாடில்லை, ஏனெனில் அதிகாரத்தில் இருப்பவர் தம் சொல்லை மழுப்ப இது இடமளிக்கிறது. எனினும் மொழி கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தான் கேட்டதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று சரிபார்க்கும் வாய்ப்பாக அது அமைகிறது.

ஒரு சனிக்கிழமையை ஹாலே நகருக்கு ஒதுக்குங்கள். லைப்சிக்கிலிருந்து உள்ளூர் இரயிலில் சுமார் அரை மணி நேரப் பயணம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சமயப் பணியாளர் சீகன்பால்குவுக்குப் பின்னணியாக நின்ற, கல்வி, அறப்பணி அமைப்புகளான பிராங்கே நிறுவனங்கள் அங்கேதான் உள்ளன. அவற்றின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களும் அறிக்கைகளும் 1710 முதல் அந்நகரில் அச்சாகின. தமிழகத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் தொடர்ந்து வெளிவந்த தொடக்ககாலச் செய்தி எழுத்து என்றே அவற்றை நான் கருதுகிறேன். உங்கள் கட்டுரைக்கு ஒரு பொருள் கிடைக்கவில்லை என்றால் அங்கே கிடைக்கும். சுவடிகளைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

நான்காம் வாரத்தில் எழுதுங்கள். 600 சொற்கள் போதும். வகுப்பு ஆசிரியரிடம் இலக்கணத்தை மட்டும் திருத்தித் தருமாறு கேளுங்கள். நடையைத் திருத்த வேண்டாம் என்று பணிவோடு சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: திரும்பிய பின்

மதிப்பெண் சான்றிதழைத் துறையில் கொடுத்து, வருகைப்பதிவையும் கல்விப் புள்ளிகளையும் அந்த வாரமே முடித்துக்கொள்ளுங்கள். கட்டுரை கல்லூரி இதழிலோ வேறெங்கோ வெளியானதும், அதில் பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு படி அனுப்புங்கள். ‘பெலேக்எக்ஸெம்ப்லார்’ என்று அதற்கு ஜெர்மன் மொழியில் தனிச்சொல்லே இருக்கிறது. தமிழில் எழுதியிருந்தால், அவர்கள் பேசிய பகுதியை மட்டுமாவது ஜெர்மனில் மொழிபெயர்த்து உடன் வையுங்கள். என் மாணவி, புட்டி சேகரிக்கும் முதியவருக்கு அனுப்ப முகவரி இல்லாமல், அவர் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையின் பெயருக்கு அந்த உறையை அனுப்பினாள்.