கூத்து ஜமாவை அமெரிக்கா கூட்டிப்போக: பி-3 விசா, படிப்படியாக

ஆற்காடு, செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்து ஜமா (கூத்துக் குழு) ஒன்றை அமெரிக்கத் தமிழ்ச் சங்கம் கூத்தாட அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "டூரிஸ்ட் விசாவுல வந்துடுங்க, மத்ததை நாங்க பாத்துக்குறோம்" என்று போனில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். தொழில்முறைக் கலைஞர் மேடையேற டூரிஸ்ட் விசா பொதுவாகச் செல்லாது.

இதற்கென்றே இருப்பது பி-3 (ஆங்கிலத்தில் ஓ-வுக்கு அடுத்து வரும் பி). ஒரு மக்களுக்கே உரிய மரபுக் கலையை ஆடவோ பாடவோ கற்றுத்தரவோ போகிறவர்களுக்கான தற்காலிக விசா. முதலில் அதிகபட்சம் ஒரு வருடம் கிடைக்கும். அதே வரிசையில் உள்ள பி-1 என்றால் உலக அளவில் பெயர்பெற்ற குழுவாக இருக்க வேண்டும், முக்கால்வாசிப் பேர் ஒரு வருடமாவது அதே குழுவில் இருந்திருக்க வேண்டும். பி-3க்கு அந்த நிபந்தனை இல்லை. சீசனுக்குச் சீசன் ஆட்கள் ஜமா மாறும் நம் ஊருக்கு அதுதான் தோது.

முதல் படி, தேதி. பங்குனியிலிருந்து ஆடி வரை பாரதக் கூத்துக் காலம். அப்போது ஜமாவை வெளிநாட்டுக்கு இழுத்தால் ஊர்க்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? தேதியை முன்கூட்டியே பேசி முடியுங்கள். நிகழ்ச்சிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே மனுப் போடலாம்.

இரண்டாவது, பாஸ்போர்ட். வேலூர் தலைமைத் தபால் நிலையத்திலேயே சேவை மையம் இருக்கிறது. பத்தாவது தேறாதவருக்கு 'ஈசிஆர்' (வெளிநாடு போகக் குடிபெயர்வு அனுமதி தேவை) என்று அச்சாகி வரும். அந்த அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் அமெரிக்கா இல்லை, அதனால் கவலை வேண்டாம். மனுவில் எழுதும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், மேடைப் பெயரை எழுதாதீர்கள்.

மூன்றாவதுதான் பெரிய வேலை. ஐ-129 என்ற விசா மனுவை அழைப்பவர்தான், அமெரிக்காவிலிருந்து, போட வேண்டும். "நானே இங்கிருந்து போட்டுத் தரேன்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்காதீர்கள். ஒரு மனுவில் 25 பேர் வரை சேர்க்கலாம். ஒப்பந்தம், நிகழ்ச்சி நிரல், அங்குள்ள தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம் ஆகியவற்றைச் சங்கத்தார் தயார் செய்வார்கள். நாம் தர வேண்டியது, இது நிஜமான மரபுக் கலை என்பதற்கான சாட்சி.

மனுவைப் படிக்கும் அதிகாரி கூத்தே பார்த்திருக்க மாட்டார். அதனால் நாட்டார் கலை தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் விரிவான கடிதம் வாங்குங்கள். "சிறந்த கலைஞர்கள்" என்ற பாராட்டு மட்டும் போதாது. திரௌபதி அம்மன் விழாவுக்கும் கூத்துக்கும் உள்ள உறவு, கட்டியக்காரன் (கூத்தின் கோமாளி) வருகை, திரைப் பிரவேசம் (திரைக்குப் பின்னிருந்து வேஷக்காரர் நுழைவது), புஜகீர்த்தி (தோளணி), முகவீணை (ஊதும் கருவி) எல்லாம் அதில் வரட்டும். இதெல்லாம் தமக்கு எப்படித் தெரியும் என்பதையும் அவர் எழுத வேண்டும். கூடவே விழா நோட்டீஸ், பத்திரிகைச் செய்தி, நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை. தமிழில் உள்ள எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரி என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.

மிருதங்கம், ஆர்மோனியம், பின்பாட்டு எல்லாரும் கலைஞர்களே. மேடையேறாமல், வேஷம் கட்டிவிட மட்டும் வருகிறவருக்குத் தனி மனு.

அப்புறம் ஐ-797 என்ற ஒப்புதல் கடிதம் வரும். ஒவ்வொருவரும் தனித்தனியே டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், இருக்கும் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதி, மற்றதில் 'எஃப்என்யூ' (FNU, முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று போடுங்கள். கட்டணம் ஆளுக்கு 205 டாலர், 2023 ஜூனில் வைத்தது. கட்டும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். கைரேகையும் நேர்காணலும் சென்னையில். ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய தூதரகத்தில் தமிழிலேயே பேசலாம். எத்தனை வருடமாக ஆடுகிறீர்கள், என்ன வேஷம், யார் அழைத்தார்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பார்கள். ஜமாவை நடத்தும் வாத்தியார் ஒருவரே எல்லாருக்கும் பதில் சொல்ல முடியாது, ஒவ்வொருவருக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே இறங்கியதும் இணையத்தில் ஐ-94 என்ற வருகைப் பதிவை எடுத்துப் பாருங்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது அதில் உள்ள தேதி, விசா முத்திரை அல்ல. மனுவில் இல்லாத வேறொருவர் "எங்க ஊர்லயும் ஒரு ராத்திரி ஆடுங்க" என்று கூலி பேசினால், முதலில் அழைத்த சங்கத்தைக் கேளுங்கள்.