தெரிந்த சொல்தானே என்று தாண்டாதீர்கள்: பேரியல் பொருளியலில் முதலாண்டு மாணவர் சறுக்கும் இடங்கள்

நாட்டின் பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்க்கும் பேரியல் பொருளியலின் முதல் தேர்வில் எனக்கு மதிப்பெண் போனது கணக்கில் இல்லை. 'ஒருவர் பங்குச்சந்தையில் பங்கு வாங்கினால் நாட்டின் முதலீடு கூடுமா?' என்று ஒரு சின்னக் கேள்வி. கூடும் என்று கூசாமல் எழுதிவைத்தேன். சுழியம் போட்டார்கள். இந்தப் பாடத்தில் முதலீடு என்றால் புதிதாக வரும் இயந்திரம், கட்டடம், புது வீடு, விற்காமல் கிடங்கில் சேர்ந்த சரக்கு. ஏற்கெனவே இருக்கும் பங்கு கைமாறுவதால் புதிதாக எதுவும் உருவாகவில்லை. தரகருக்குப் போன கமிஷன் மட்டும் ஒரு சேவையின் விலையாக அந்த ஆண்டு ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், சேரும்.

இந்தப் பாடத்தின் வம்பே அதுதான். வேறு பாடங்களில் புரியாத சொல் வந்தால் நின்று அர்த்தம் பார்ப்போம். இங்கே வருவதெல்லாம் பணம், சேமிப்பு, வேலையின்மை, பற்றாக்குறை என்று நாளும் செய்தியில் கேட்கிற சொற்கள். நமக்குத்தான் தெரியுமே என்று தாண்டிவிடுகிறோம். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

வேலையின்மையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை இல்லாத எல்லோரும் வேலையற்றவர் இல்லை. வேலை தேடிக்கொண்டிருக்கவும் வேண்டும். 100 பேரில் 60 பேர் வேலையில் இருக்கிறார்கள், 5 பேர் தேடுகிறார்கள் என்று வைப்போம். உழைப்பாளர் தொகுதி 65, வேலையின்மை விகிதம் 7.7 சதவீதம். தேடுபவர்களில் 2 பேர் சலித்துப்போய்த் தேடுவதையே விட்டால் 63-இல் 3, அதாவது 4.8 சதவீதம். ஒருவருக்குக்கூட வேலை கிடைக்கவில்லை, விகிதம் மட்டும் இறங்கிவிட்டது. இதைப் போட்டுப் பார்க்காத மாணவர், விகிதம் குறைந்தால் பொருளாதாரம் தேறிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்.

அடுத்தது பணவீக்கம். அமெரிக்காவில் 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த பணவீக்கம் 2023 ஜூனில் 3.0 சதவீதமாக இறங்கியது. அப்படியென்றால் விலைகள் குறைந்தனவா? இல்லை. முன்பைவிட மெதுவாக ஏறின, அவ்வளவுதான். விலைமட்டமே இறங்கினால் அது பணவாட்டம், வேறு கதை. அரசின் பற்றாக்குறையும் கடனும் இதே மாதிரி: பற்றாக்குறை ஒரு ஆண்டில் ஓடுகிற ஓட்டம், கடன் சேர்ந்து நிற்கிற இருப்பு. பற்றாக்குறை பாதியாகக் குறைந்த ஆண்டிலும் கடன் ஏறத்தான் செய்யும். எந்த எண்ணைப் பார்த்தாலும் இது இருப்பா, ஓட்டமா, ஓட்டத்தின் வேகமா என்று ஒரு நொடி கேட்டுப் பழகுங்கள்.

பெயரளவு (அந்தந்த ஆண்டு விலையில் போட்ட மதிப்பு), உண்மை (விலை உயர்வை நீக்கிய மதிப்பு) என்ற பிரிவையும் வரையறையாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. கணக்காகப் போட்டால்தான் ஒட்டும். ஒரே பொருளை உற்பத்தி செய்யும் நாடு. முதல் ஆண்டு 100 எண்ணிக்கை, விலை 10. மறு ஆண்டு 105, விலை 12. பெயரளவு ஜிடிபி 1,000-இலிருந்து 1,260 ஆகிறது, 26 சதவீத வளர்ச்சி. உண்மையில் கூடுதலாகக் கிடைத்தது 5 சதவீதப் பொருள்தான். 26-இலிருந்து விலை உயர்வான 20-ஐக் கழித்தால் 6 வருகிறதே என்று கேட்பீர்கள். அந்தக் கழித்தல் சிறிய எண்களுக்கு மட்டும் ஏறத்தாழப் பொருந்தும் குறுக்குவழி. பெரிய எண்கள் வந்தால் 1.26-ஐ 1.20-ஆல் வகுக்க வேண்டும்.

ஜிடிபி = நுகர்வு + முதலீடு + அரசுச் செலவு + ஏற்றுமதி − இறக்குமதி என்ற சமன்பாட்டில் இறக்குமதியைக் கழிக்கிறோம் அல்லவா? அதைப் பார்த்து, இறக்குமதி கூடினால் ஜிடிபி குறையும் என்று எழுதாத வகுப்பே இருக்காது. வெளிநாட்டில் செய்த ஒரு கணினியை நீங்கள் வாங்கினால் அதன் விலை முதலில் நுகர்வில் ஏறிவிடுகிறது. அது நம் உற்பத்தி இல்லை என்பதால் இறக்குமதி என்ற பெயரில் அதே தொகையைக் கழிக்கிறோம். கூட்டியதைக் கழித்தால் சுழியம், ஜிடிபி அசையவில்லை. உள்நாட்டுப் பொருளுக்குப் பதிலாக அதை வாங்கியிருந்தால் உள்நாட்டு உற்பத்தி குறையலாம்தான். அது காரண காரியம், சமன்பாடு சொல்லும் விஷயம் இல்லை. 'சேமிப்பு = முதலீடு' என்ற சமன்பாட்டைப் பார்த்து, சேமித்தால் முதலீடு தானாக வந்துவிடும் என்று நினைப்பதும் இதே வகைப் பிழை. சமன்பாடு கணக்கு நேராகிறது என்று மட்டும் சொல்கிறது; எது எதைத் தள்ளியது என்று சொல்வதில்லை.

இனி வரைபடம். எனக்குப் பிடித்த தவறு இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு விலைமட்டத்திலும் நாட்டில் மொத்தமாக எவ்வளவு வாங்கப்படும் என்று காட்டும் மொத்தத் தேவைக் கோடு ஏன் கீழ்நோக்கிச் சரிகிறது என்று கேட்டால், 'விலை குறைந்தால் மக்கள் அதிகம் வாங்குவார்கள்' என்று பதில் வரும். தனித்தனிப் பொருள், சந்தை பற்றிப் பேசும் நுண்ணியலில் படித்ததை அப்படியே கொண்டுவந்து ஒட்டியது. அங்கே ஒரு பொருள் மற்றவற்றைவிட மலிவாகிறது, அதனால் அதன் பக்கம் சாய்கிறோம். இங்கே அச்சில் இருப்பது விலைமட்டம், எல்லா விலைகளும் சேர்ந்தது. எல்லாமே ஒன்றாக இறங்கும்போது எதைவிட எது மலிவு? வருமானமும் ஒருவர் பெற்ற விலைதானே, அதுவும் கூடவே இறங்குகிறது. எனவே வேறு காரணம் வேண்டும். விலைமட்டம் இறங்கினால் கையிலுள்ள பணத்தின் வாங்கும் சக்தி கூடுகிறது. கொடுக்கல் வாங்கலுக்குக் குறைவான பணம் போதும் என்பதால் வட்டி இறங்குகிறது, முதலீடு கூடுகிறது. வெளிநாட்டுப் பொருளோடு ஒப்பிட்டால் நம் பொருள் மலிவாகி ஏற்றுமதி கூடுகிறது. இந்த மூன்றையும் சொந்த வாக்கியத்தில் எழுத முடிந்தால் பாதி பாடம் கைக்கு வந்துவிட்டது.

கோடு நகர்கிறதா, கோட்டின் மேலேயே நகர்கிறோமா என்ற குழப்பத்துக்கு ஒரே சோதனை போதும். மாறிய விஷயம் அச்சில் எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் கோடு அசையாது. இல்லையென்றால் கோடு நகரும்.

ஒரு வீட்டுக்குச் சரியானது நாட்டுக்கும் சரி என்று நினைப்பது இன்னொரு பள்ளம். ஒருவர் செலவைக் குறைத்தால் அவர் சேமிப்பு கூடும். மந்த காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் குறைத்தால், ஒருவர் செலவு மற்றவர் வருமானம் என்பதால் எல்லோர் வருமானமும் விழுகிறது. மொத்தச் சேமிப்பு கூடாமலே போகலாம். 1930-களின் பெருமந்தத்தில் பொருளியலாளர் கெயின்ஸ் அழுத்திச் சொன்னது இது. ஆனால் இதை எல்லாக் காலத்துக்கும் பொருத்தினால் அதுவும் பிழை. நீண்ட காலத்தில் சேமிப்பு மூலதனமாக மாறி உற்பத்தியைக் கூட்டும் என்று வளர்ச்சி பற்றிய பாடம் சொல்லும். இரண்டும் முரண் இல்லை, காலம்தான் வேறு. விடையைத் தொடங்கும் முன் குறுகிய காலமா, நீண்ட காலமா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபிலிப்ஸ் வளைகோடு பட்ட பாடும் அதுதான். 1958-இல் பொருளியலாளர் ஃபிலிப்ஸ், பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையிலான தரவில் வேலையின்மைக்கும் கூலி உயர்வுக்கும் எதிர்மறைத் தொடர்பைக் காட்டினார். பணவீக்கத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் வேலையின்மை நிரந்தரமாகக் குறையும் என்று பலர் அதை வாசித்தார்கள். மக்களின் எதிர்பார்ப்பு மாறியதும் அந்தப் பேரம் கலைந்துவிடும் என்று 1960-களின் பிற்பகுதியில் பொருளியலாளர்கள் ஃபிரீட்மனும் ஃபெல்ப்ஸும் தனித்தனியே வாதிட்டார்கள். 1970-களில் பணவீக்கமும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறின. வரைபடத்தை மட்டும் படித்துவிட்டு இந்தக் கதையை விட்டால், குறுகிய காலக் கோடு ஏன் மேலே போகிறது என்பது கடைசிவரை புரியாது.

கடைசியாக, பணப் பெருக்கி. காப்பு விகிதம், அதாவது வைப்பில் வங்கி கடன் கொடுக்காமல் ஒதுக்கிவைக்கும் பங்கு, 10 சதவீதம் என்றால் வைப்பு 10 மடங்காகும் என்ற கணக்கைத் தேர்வில் தயங்காமல் போடுங்கள், கேட்பார்கள். ஆனால் வங்கிகள் அப்படித்தான் இயங்குகின்றன என்று நம்பிவிடாதீர்கள். அமெரிக்க மைய வங்கி 2020 மார்ச்சில் கட்டாயக் காப்பு விகிதத்தைச் சுழியமாக்கியது. சூத்திரப்படி பணம் எல்லையில்லாமல் பெருகியிருக்க வேண்டும், பெருகவில்லை. கடன் கொடுக்கும்போதே வங்கி புது வைப்பை உருவாக்குகிறது என்று இங்கிலாந்து வங்கி 2014-இல் ஒரு கட்டுரையில் விளக்கியது. விடைத்தாளில் சூத்திரத்துக்கு மேலே 'வங்கிகள் மிகைக் காப்பு வைப்பதில்லை, மக்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வதில்லை என்ற எடுகோளில்' என்று ஒரு வரி சேருங்கள்.