பாத்ரூமைப் புதுப்பிக்கிறீர்களா? ஷோரூமுக்குக் கடைசியில் போங்கள்

பாத்ரூமை இடித்துப் புதுசாகப் பண்ணலாம் என்று முடிவானதும் நாம் முதலில் செய்வது குடும்பத்தோடு ஷோரூமுக்குக் கிளம்புவதுதான். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. தட்டு மாதிரி அகலமான ஷவர், சுவரில் மிதக்கிற கிளாசெட், கறுப்புக் குழாய் எல்லாம் பார்க்க அருமையாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே உங்கள் வீட்டு போர் தண்ணீர் ஓடுவதில்லை.

ஷவரையே எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு உயரம்தான் அழுத்தம். 10 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற மேல்மாடி பாத்ரூமில் ஷவருக்கும் தொட்டிக்கும் நடுவே 2, 3 மீட்டர் இருந்தாலே அதிகம், அதாவது 0.2 அல்லது 0.3 பார். பெரிய மழை ஷவர்களுக்கு இது போதாது, ஓரத்து ஓட்டைகளில் சொட்டும், நடுவில் மட்டும் வழியும். பிரஷர் பம்ப் போடலாம்தான், ஆனால் பழைய குழாயும் ஜாயின்ட்டும் அதைத் தாங்குமா என்று பிளம்பரிடம் முதலில் கேளுங்கள், கரண்ட் போனால் குளியல் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மேல்மாடிக்குச் சின்னத் தலை கொண்ட சாதா ஷவரே போதும் என்பது என் கட்சி.

அப்புறம் உப்புத் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மையை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவை, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. உங்கள் போர் தண்ணீரை ஒரு லேபில் கொடுத்து இந்த எண்ணைத் தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். கடினத்தன்மை கூடுதல் என்றால் கண்ணாடித் தடுப்பு வேண்டவே வேண்டாம். குளித்து முடித்ததும் யாராவது ஒருவர் வைப்பர் பிடித்து வழித்துவிடத் தயாராக இருந்தால் மட்டும் போடுங்கள், இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். கறுப்புக் குழாயில் அந்தக் கறை இன்னும் பளிச்சென்று தெரியும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் குழாயின் பூச்சும் போகும், டைல் இடுக்கில் இருக்கிற சிமெண்டும் கரையும். அதனால் இடுக்கை நிரப்ப சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி க்ரவுட் என்கிற பிசின் கலவையைக் கேளுங்கள், விலை கூடத்தான், ஆனால் தண்ணீர் உறிஞ்சாது.

தரை விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 2க்கு 4 அடி டைலைத் தரையிலும் ஒட்டினால் இடுக்கு குறையும், அழகாக இருக்கும் என்பார்கள். ஆனால் தண்ணீர் வெளியே போகிற ஓட்டைமூடியான ஜாலியை நோக்கி நாலு பக்கமிருந்தும் ஓட வேண்டும், அவ்வளவு பெரிய டைலை அப்படிச் சாய்க்க முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும். தரைக்கு 1க்கு 1 அடி, சொரசொரப்பானது, போதும். கடையிலேயே கொஞ்சம் தண்ணீர் தெளித்து வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். ரொம்பவும் கரடாக இருந்தால் அழுக்கு பிடிக்கும், வழவழவென்றால் ஆள் விழும். சாய்வு 8 அடிக்கு 1 அங்குலம் அளவில் இருக்கட்டும். டைல் ஒட்டுவதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, எங்கே தேங்குகிறது என்று நீங்களே நின்று பார்த்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் வாட்டர்ப்ரூஃபிங். பழைய டைலைப் பெயர்க்கும்போது கீழே இருக்கிற பூச்சும் சேர்ந்து போயிருக்கும். புதுசாக அடித்த பிறகு ஜாலியை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்து, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்க்க வேண்டும். “டைல் ஒட்டிட்டா ஒண்ணும் இறங்காது சார்” என்று கொத்தனார் சொல்வார். இறங்கும்.

கிளாசெட் வாங்கும் முன் கழிவுக் குழாய் தரை வழியாகப் போகிறதா, சுவர் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். முதலாவது எஸ் ட்ராப், இரண்டாவது பி ட்ராப். தரை வழி என்றால் சுவரிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், புது டைலும் கலவையும் ஏறும்போது அந்த அளவு குறையும் என்பதையும் சேர்த்து. சுவரில் தொங்கும் கிளாசெட்டுக்கு இரும்பு ஃப்ரேம் வேண்டும், ஃப்ளஷ் தொட்டி சுவருக்குள் போய்விடும், நாலரை அங்குலச் சுவரைக் குடைந்து வைக்க இடம் இருக்காது, முன்னால் தனியாக ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டியிருக்கும். சின்ன பாத்ரூமில் அந்த அரையடி பெரிய நஷ்டம். உதிரி பாகம் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

கீசருக்கு 16 ஆம்பியர் பாயின்ட், தனி வயர், போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச். இதில் பேரம் இல்லை.

படம் பார்த்து டிசைன் செய்பவர்கள் மறக்கிற ஒன்று, வாளி. எல்லாரும் ஷவரில் குளிப்பதில்லை. பாட்டிக்கு வெந்நீரை விளாவி வைக்க வாளிதான் வேண்டும், துணி ஊற வைக்கவும் அதுதான். உங்கள் வீட்டு வாளியையே சுவரோரம் வைத்து, அதன் வாய்க்கு மேல் கை நுழையும் உயரத்தில் குழாய்க்குக் குறி போடச் சொல்லுங்கள். பெரியவர்கள் இருந்தால் கிளாசெட் பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி வையுங்கள், “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்” என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தாலும் சரி. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவோரம் விழுந்துவிட்டால், உள்ளே திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது.

சுவரில் காடி வெட்டிக் குழாய் பதித்ததும், பூசுவதற்கு முன், டேப்பைச் சுவரில் பிடித்தபடி நாலு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். டவல் கம்பிக்கு ட்ரில் போட வருகிறவர் எந்த இடத்தில் குழாய் ஓடுகிறது என்று கேட்பார், கேட்காவிட்டால் நீங்களே காட்டுங்கள்.