மேஜர் முடிவாகவில்லையா? கணக்குப் பாடத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்

சித்தி மகன் போன மாதம் ஃபோன் செய்தான். “அக்கா, ஜிஇ-ல எந்த கிளாஸ் ஈசி?” சான் ஹோசே பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறான். மேஜர், அதாவது பட்டத்துக்கான முக்கியப் பாடம், என்ன என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறான். சித்தப்பாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசை, சித்திக்கு நர்சிங். அவனுக்கு இப்போதைக்கு கிரிக்கெட்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். கிடைத்த பதிலைக் கேட்டு நடந்ததில் ஒரு வருடம் போனது. அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கலிஃபோர்னியாவில் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ், அப்புறம் யூசி அல்லது கால் ஸ்டேட் என்ற மாநிலப் பல்கலைக்கழகம் என்று திட்டமிடும் பிள்ளைகளுக்கும் அவர்களின் அப்பா அம்மாவுக்கும் உதவும்.

ஜிஇ என்பது எல்லோரும் படித்தாக வேண்டிய பொதுப் பாடங்கள். என் காலத்தில் அந்தப் பட்டியலின் பெயர் ஐகெட்சி. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு கால்-கெட்சி. மொத்தம் 11 பாடங்கள், 34 யூனிட் (யூனிட் என்பது பாடத்தின் அளவு). இங்கிலிஷ் எழுத்து, தர்க்கம், மேடைப்பேச்சு என்று மூன்று, கணக்கு ஒன்று, கலையும் இலக்கியம், தத்துவம் போன்ற துறைகளும் சேர்த்து இரண்டு, சமூக அறிவியல் இரண்டு, அறிவியல் இரண்டு, அதில் ஒன்றுக்காவது லேப் வேண்டும், எத்னிக் ஸ்டடீஸ் ஒன்று. எல்லாவற்றிலும் சி கிரேடாவது வாங்க வேண்டும். சி மைனஸ் செல்லாது.

இந்தப் பட்டியலில் நிரப்ப வேண்டிய பெரும்பாலான கட்டங்களில் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. கணக்கு அப்படி இல்லை.

தோழிகள் எல்லோரும் ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். ஏ கிரேடு வந்தது, ஜிஇ கணக்குக் கட்டம் நிரம்பியது, வீட்டில் கேசரி கிண்டினார்கள். மூன்றாவது செமஸ்டரில் மைக்ரோ எகனாமிக்ஸ் படித்தபோதுதான் எனக்கு வேண்டியது இதுதான் என்று புரிந்தது. யூசி டேவிஸில் எகனாமிக்ஸுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தால், கால்குலஸ் (நுண்கணிதம்). அதற்கு முன்னால் ப்ரீகால்குலஸ். கணக்குப் பாடங்களை ஒன்று முடித்தால்தான் அடுத்தது எடுக்க முடியும், ஒரே செமஸ்டரில் அடுக்க முடியாது. மூன்று செமஸ்டர் வரிசையில் நின்றேன்.

ஸ்டாடிஸ்டிக்ஸ் மட்டம் என்று சொல்லவில்லை. சைக்காலஜி, நர்சிங் பக்கம் போகிறவர்களுக்கு அதுதான் தேவைப்படும். ஆனால் எஞ்சினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ், எகனாமிக்ஸ் என்று மனதின் ஒரு மூலையில் சின்ன ஆசை இருந்தாலும் கால்குலஸ் பாதையில் முதல் செமஸ்டரிலேயே கால் வையுங்கள். கால்குலஸ் படித்தவருக்கும் அதே ஜிஇ கட்டம் நிரம்பும். வெறும் ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்தவருக்கு அந்த மேஜர்களின் கதவு திறக்காது.

அறிவியலிலும் இந்தச் சிக்கல் கொஞ்சம் உண்டு. அறிவியல் மேஜர் அல்லாதவர்களுக்கான கெமிஸ்ட்ரி, ஜிஇ-க்குப் போதும். பிறகு பயாலஜி மேஜர் என்று மனம் மாறினால் ஜெனரல் கெமிஸ்ட்ரியை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

சரி, பாடம் நம் மேஜருக்கும் சேருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அசிஸ்ட் என்று ஓர் இணையதளம் இருக்கிறது, இலவசம். உங்கள் காலேஜ், போக நினைக்கும் யூனிவர்சிட்டி, மேஜர் மூன்றையும் கொடுத்தால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று காட்டும். ஒரு மேஜருக்குப் பார்த்து நிறுத்தாதீர்கள். மனதில் ஓடும் மூன்று மேஜர்களுக்கும் பட்டியல் எடுத்து அருகருகே வையுங்கள். மூன்றிலும் வரும் பாடம் முதலில். தம்பிக்கு நாங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ், எகனாமிக்ஸ், சைக்காலஜி மூன்றையும் எடுத்துப் பார்த்தோம். அப்புறம் கவுன்சலரிடம் அந்தத் தாள்களோடு போங்கள். வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

ஹைஸ்கூலில் எழுதும் ஏபி தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால் சில கட்டங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அதைப் பார்க்காமல் அதே பாடத்தை மறுபடி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். மேடைப்பேச்சை ஏபி-யால் தாண்ட முடியாது. கூச்சப்படுகிற பிள்ளைகள் அதைக் கடைசி செமஸ்டருக்கு ஒத்திப்போட்டு அழுவார்கள். முதல் வருடமே முடித்துவிடுங்கள்.

மற்ற கட்டங்களில் தாராளமாக மேயலாம். யூனிட்டுக்கு 46 டாலர் என்பது மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான கட்டணம். இந்த விலையில் புதிய துறையை ருசி பார்க்க வேறு இடம் கிடைக்காது. நான் லேப் கட்டத்துக்காக ஜியாலஜி எடுத்தேன். ஒரு சனிக்கிழமை ஹேவர்டுக்குக் கூட்டிப்போனார்கள். நகராட்சியின் பழைய கட்டடம் நிலப்பிளவின் மேலேயே நிற்கிறது. பூமி நகர்வதால் சுவரில் விழுந்த விரிசலைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றேன். மேஜராகவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. எத்னிக் ஸ்டடீஸில் ஏஷியன் அமெரிக்கன் வரலாறு எடுத்தால் 1923இல், பஞ்சாபிலிருந்து வந்து குடியேறிய பகத் சிங் திந்துக்குக் குடியுரிமை இல்லை என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்ன வழக்கு வரும். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நம் வீடுகளில் அதை ஒருவராவது படித்திருக்க வேண்டும்.

எத்தனை பாடம்? 12 யூனிட் இருந்தால் முழுநேர மாணவர். ஒரு யூனிட்டுக்கு வாரம் மூன்று மணி நேரம், வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து. 12 யூனிட்டே 36 மணி நேரம் ஆகிவிட்டது. ஊரிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்கள் 12-க்குக் கீழே இறங்கக் கூடாது, அதிலும் ஆன்லைன் பாடம் ஒன்றுதான் கணக்கில் சேரும்.

தம்பிக்குக் கடைசியில் வந்தது: ப்ரீகால்குலஸ், இங்கிலிஷ் சி1000 (எழுத்துப் பாடம்), மைக்ரோ எகனாமிக்ஸ். ஜியாலஜியும் கேட்டான், வசந்த செமஸ்டருக்குத் தள்ளினேன். டபிள்யூ (பாதியில் விலகியதைக் காட்டும் குறி) விழாமல் டிராப் செய்யக் கடைசி நாள் எது என்று காலேஜ் நாட்காட்டியில் பார்த்து ஃபோனில் அலாரம் வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு, “அப்ப இதுல எது ஈசி, அக்கா?” என்றான்.