ஃபெயில்ஓவர் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சர்வர் பழுதானால் அதன் சேவையை மற்றொன்று தானாக ஏற்பதே ஃபெயில்ஓவர். இதற்காக இரண்டு லினக்ஸ் சர்வர்களைப் பேஸ்மேக்கர், கோரோசிங்க் ஆகிய மென்பொருள்களைக் கொண்டு கிளஸ்டராக, அதாவது ஒரே தொகுப்பாக, இணைத்தவர்களில் பலர், ஒரு நோடை (தொகுப்பில் உள்ள ஒரு சர்வரை) சேவை வழங்காத ஸ்டாண்ட்பை நிலைக்கு மாற்றி, டேட்டாபேஸ் மறு நோடில் எழுவதைப் பார்த்ததும் சோதனை முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது திட்டமிட்ட இடமாற்றம் மட்டுமே. அதில் சேவை முறைப்படி நிறுத்தப்படுகிறது, டிஸ்க் முறைப்படி விடுவிக்கப்படுகிறது. உண்மையான பழுது இதற்கெல்லாம் அவகாசம் தராது. மின் இணைப்பைத் துண்டிப்பது, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்வது, நோடுகளுக்கு இடையிலான நெட்வொர்க்கை மறிப்பது ஆகிய மூன்றையும் தனித்தனியே செய்து பார்க்க வேண்டும்.

மூன்றாவதில்தான் ஆபத்து மிகுதி. இரு நோடுகளும் இயங்கிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றும் மற்றது இறந்துவிட்டதென்று முடிவு செய்து ஒரே டிஸ்க்கில் எழுதத் தொடங்கினால் தரவு சிதைந்துவிடும். இதைத் தடுப்பது ஃபென்சிங்; அதாவது, பதில் தராத நோடின் மின்சாரத்தை அணைத்த பிறகே சேவையை மறுபக்கம் தொடங்குவது. சோதனைக் கட்டத்தில் பிழைச் செய்தி வருகிறதென்று ஃபென்சிங்கை நிறுத்திவிட்டு, அதே அமைப்பை நேரடிப் பயன்பாட்டுக்குக் கொண்டுசெல்வதை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

டேட்டாபேஸைப் பயன்படுத்தும் செயலிகளின் (அப்ளிகேஷன்களின்), சேவைகளின் அமைப்பில் உள்ள தவறுகள் பெரும்பாலும் ஃபெயில்ஓவருக்குப் பிறகே வெளிப்படுகின்றன. டேட்டாபேஸ் முகவரியாக, சேவையோடு சேர்ந்து நோடு மாறும் மெய்நிகர் ஐபியைத் தராமல் ஒரு நோடின் பெயரைத் தருவதும், கிளஸ்டர் இயக்க வேண்டிய சேவையை சர்வர் பூட் ஆகும்போதே தானாகத் தொடங்கும்படி விட்டுவைப்பதும் அடிக்கடி காணப்படுபவை. டைம்அவுட் (காத்திருப்புக்கான கால வரம்பு) அமைக்காத தவறு எளிதில் கண்ணில் படாது. வினவலை அனுப்பிவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் இணைப்பு, தான் எதையும் அனுப்பாததால், மறுமுனை மறைந்ததை அறியாது; மறுமுனை இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் வசதி இயக்கப்பட்டிருந்தாலும் லினக்சில் அதன் முதல் சோதனை இயல்பாக 7,200 வினாடிகள் கழித்தே நடக்கும். கிளஸ்டர் அரை நிமிடத்தில் மீண்டிருந்தாலும் அந்தச் செயலி மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும்.

2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்ஹப் நிறுவனத்தில், அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டரின் நெட்வொர்க் இணைப்பு 43 வினாடிகள் அறுந்தபோது, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் முதன்மைப் பொறுப்பு (புதிய தரவுகளை ஏற்று எழுதும் வேலை) மேற்குக் கரைக்குத் தானாகவே மாறியது. ஃபெயில்ஓவர் மென்பொருள் தனக்கு அமைத்துத் தந்தபடியே நடந்தது. ஆனால் கிழக்கில் எழுதப்பட்ட சில தரவுகள் மேற்கை எட்டியிருக்கவில்லை. கிழக்கில் ஓடிய செயலிகளோ நாட்டின் மறுகரைக்கு எழுதும் தாமதத்தைத் தாங்கவில்லை. சேவை சீரடைய 24 மணி 11 நிமிடங்கள் ஆயின.

எனவே சோதனையின்போது கிளஸ்டரின் நிலைத் திரையை மட்டும் பார்க்காமல், செயலியை வழக்கமான சுமையுடன் இயங்கவிட்டு, பழுதுக்கு முன் ஏற்கப்பட்ட ஒவ்வொரு பதிவும் பழுதுக்குப் பிறகும் டேட்டாபேஸில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.