இணையத்தின் வரலாற்றை உங்கள் கணினியிலேயே தோண்டிப் பார்ப்பது எப்படி

இணைய வரலாற்றை நான் முதலில் வெறும் ஆண்டு எண்களாகத்தான் மனப்பாடம் செய்தேன். 1969, 1983, 1991. எதுவும் மனதில் ஒட்டவில்லை. நெட்வொர்க் பராமரிக்கும் வேலைக்கு வந்த பிறகுதான், அந்தப் பழைய ஏற்பாடுகளில் பல என் கண்ணெதிரே இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நான் உட்காரவைத்துச் செய்யச் சொல்வது இதைத்தான். ஒரு நோட்டும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

முதலில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பைத் திறங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் 'ஈடிசி' ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸில் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போக வேண்டும். நோட்பேடில் திறந்தால் சில வரிகள்தான்: கணினியின் முகவரியாக ஓர் எண், பக்கத்தில் அதன் பெயர். ஒரு காலத்தில் நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் இப்படி ஒரே கோப்பில்தான் இருந்தன. கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் அவர்களுக்குச் சொல்லிச் சேர்க்க வேண்டும், மற்றவர்கள் அந்தக் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார்: பெயர்ப் பட்டியலைப் பலரிடம் பிரித்துக் கொடுத்து, தேவைப்படும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை. ஆனால் பழைய கோப்பு போகவில்லை. இன்றும் பெரும்பாலான கணினிகள் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் டிஎன்எஸ்ஸைக் கேட்கின்றன.

படியுங்கள், எதையும் மாற்றாதீர்கள். சோதனைக்காக ஒரு வரி சேர்த்து, அதை நீக்க மறந்து, ஒரு தளம் ஏன் திறக்கவில்லை என்று பாதி ராத்திரி தேடியிருக்கிறேன்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கமாண்ட் விண்டோவைத் திறந்து, 'டிரேஸ்ரூட்' என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள் (விண்டோஸில் சுருக்கமாக 'டிரேஸர்ட்'). ஓர் இடைவெளி விட்டு, வேறு கண்டத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத் தளத்தின் முகவரி. பெரிய நிறுவனங்களின் தளம் வேண்டாம். அவை உங்களுக்குப் பக்கத்திலேயே நகல் வைத்திருக்கும், பயணம் சீக்கிரம் முடிந்துவிடும். நீங்கள் கொடுத்த தளமும் சட்டென்று முடிந்தால் வேறொன்றை முயலுங்கள்.

நெட்வொர்க்கில் தகவல் சின்னத் துண்டுகளாகத்தான் போகும், ஒரு துண்டுதான் பாக்கெட். வரி வரியாக வருவது, உங்கள் பாக்கெட் கடந்த ரூட்டர்கள், அதாவது பாக்கெட்டை அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடும் கருவிகள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. வழியில் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யம் ஆனதும் பாக்கெட்டைப் போட்டுவிட்டு "இங்கே முடிந்தது" என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். டிரேஸ்ரூட் முதலில் 1 என்று வைத்து அனுப்புகிறது, அப்புறம் 2, அப்புறம் 3. திரும்பி வரும் தகவல்களைக் கோத்தால் பாதை கிடைத்துவிடும். நட்சத்திரக் குறி வந்தால் பயப்பட வேண்டாம், சில ரூட்டர்கள் பதில் சொல்வதில்லை.

நேரத்தைக் கவனியுங்கள். 5, 8, 9 மில்லிநொடி என்று போய், திடீரென்று 90-க்குத் தாவி அங்கேயே நின்றால், பெரும்பாலும் அங்கே ஒரு நீண்ட கேபிள் இருக்கிறது, பல நேரம் கடலுக்கடியில். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பும் நேரம் என்பதால், ஒரு மில்லிநொடிக்கு அதிகபட்சம் 100 கிலோமீட்டர் தூரம் என்று கணக்கிடலாம். இதை நோட்டில் எழுதிப் பாருங்கள்.

இந்தக் கருவியை எழுதியவர் வான் ஜேக்கப்சன். 1986 அக்டோபரில், சுமார் 400 கெஜம் மட்டுமே இடைவெளி இருந்த பெர்க்லி ஆய்வகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, நொடிக்கு 32,000 பிட் என்றிருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. நெரிசலில் எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலையே கூட்டினார்கள். பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறை, பிறகு மெல்ல ஏற்று என்று டிசிபிக்கு (பாக்கெட்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் விதிமுறை) கற்றுக்கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். இன்று நாம் வீடியோ பார்க்க முடிவதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு, அவருடைய பெயர்தான் அதிகம் பேருக்குத் தெரியவில்லை.

அடுத்து வலை, அதாவது இணையத்தின் மேல் ஓடும் வேர்ல்ட் வைட் வெப். இதற்கு அதிக நேரம் வேண்டாம். ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயின் முதல் வலைத்தளத்தை மறுபடி ஏற்றி வைத்திருக்கிறது. அதைத் திறந்து, விண்டோஸிலும் லினக்ஸிலும் என்றால் கண்ட்ரோல் பட்டனோடு யூ எழுத்தை அழுத்தி மூலநிரலைப் பாருங்கள். படம் இல்லை, நிறம் இல்லை, இணைப்புகள் மட்டும். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் வலை மென்பொருளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது.

கடைசியாக, ஆர்எஃப்சி ஆவணங்கள்: இணையத்தின் விதிமுறைகளும் யோசனைகளும் எழுதி வைக்கப்பட்டவை. ஆர்எஃப்சி எடிட்டர் தளத்தில் எண்ணைக் கொடுத்தால் எல்லாமே இலவசம். முதலாவதை 1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் எழுதினார், அப்போது அவர் மாணவர். பெயரே 'கருத்துகளை வேண்டுகிறோம்' என்ற பொருளில்தான் இருக்கிறது. அடுத்து 801: 1983 ஜனவரி 1-க்குள் எல்லோரும் பழைய விதிமுறையிலிருந்து, இன்றும் இணையம் ஓடும் டிசிபி ஐபிக்கு மாறுவதற்கான திட்டம். அப்புறம் ஐபி விதிமுறையை விவரிக்கும் 791-ஐத் திறந்து டிடிஎல் வரும் பத்தியைத் தேடுங்கள். அதை நொடிக்கணக்கு என்றுதான் எழுதியிருக்கிறார்கள், கூடவே ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது ஒன்றாவது குறைக்க வேண்டும் என்றும். அந்தப் பத்தியை ஒரு பக்கமும், நீங்கள் எடுத்த டிரேஸ்ரூட் வரிகளை இன்னொரு பக்கமும் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.